டியூப்லைட் உபயம்

எங்க ஊர் பிள்ளையார் கோயில்ல ஒரு டியூப்லைட் இருந்தது. நாலடி டியூப்லைட்டில் மூணடிக்கு உபயதாரர் பேர், அவர் அப்பா பேர், கடை பேர் எல்லாம் எழுதியிருக்கும். மிச்சம் ஒரு அடியில் வர்ற வெளிச்சத்தில்தான் பிள்ளையாரைக் கண்டுபிடிக்கணும் :-) சின்ன வயசுல அதைப் பார்த்து ரொம்பச் சிரிச்சிருக்கேன். அந்த டியூப்லைட்டுக்கு உபயதாரர் கிடைச்சார், கரண்ட் பில்லுக்கு ஒருத்தரும் கிடைக்கலைங்கறது அப்போ எனக்குத் தெரியாது. இந்த ஆறு மாசமா அதைத்தான் பாடமாப் படிச்சுக்கிட்டிருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, ஏற்கனவே பதிவு பெற்ற ஒரு டிரஸ்ட் மூலமா, சென்னையில் வீடில்லாத இளைஞர்களுக்கு ஒரு தங்குமிடம் ஆரம்பிக்கப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். 18 வயசு முடிஞ்சவங்களுக்கு மட்டும். முதல் கட்டமா 12 பேர்.

"ஏன் சார், சின்னப் பசங்களுக்கு வைக்கலாமே, பாவம்"னு கேக்காதவங்க இல்லை. நியாயமான கேள்விதான். சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டம் இருக்கு. 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவில்லாமல் கண்டெடுக்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோகணும். குழந்தைகள் இல்லம் நடத்தணும்னா பதிவு செஞ்சாகணும், இல்லைன்னா ஜெயில் கூட உண்டு. மனசு இளகிப்போய் நாமளா நாலு குழந்தைகளைக் கூட்டி வெச்சுக்க முடியாது. அது சரியும்கூட.

ஆனா 18 முடிஞ்ச மறுநாள்?

அதே சட்டத்தில், இல்லத்தை விட்டு வெளியே வர்றவங்களுக்கு 21 வயசு வரை பின்காப்பு உதவின்னு ஒரு வழி இருக்கு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022 வழிகாட்டுதல்படி மாசம் 4,000 ரூபாய். இல்லாததுக்கு இது பெரிய விஷயம், குறை சொல்லலை. ஆனா சென்னையில் 4,000 ரூபாய்க்கு எந்த வீட்டில் எந்த ரூம் கிடைக்கும்னு நீங்களே சொல்லுங்க. தவிர, இல்லத்தில் வளர்ந்தவனுக்குத்தான் அந்த உதவி. சித்தப்பா அடி தாங்காம 19 வயசுல எழும்பூர்ல வந்து இறங்குறானே, அவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான்.

மாநகராட்சி இரவுத் தங்குமிடங்கள் இருக்கே? இருக்கு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010ல் இதைக் கையிலெடுத்த பிறகுதான் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடம்கற கணக்கு நகரங்களில் அழுத்தமாப் பேசப்பட்டது. விரிவாக்கப்பட்ட சென்னைக்கு 2011 கணக்கெடுப்பிலேயே 60 லட்சத்துக்கு மேல் ஜனம். அப்படின்னா எத்தனை இருக்கணும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அது அரசாங்கத்தோட கடமை, கேட்டுக்கிட்டேதான் இருக்கணும். ஆனா ராத்திரிக்கு ஒரு பாய் கிடைச்சா மட்டும் 19 வயசுக்காரனுக்குப் பத்தாது. அவனுக்கு ஐ.டி.ஐ.யில் சேரணும், லைசென்ஸ் எடுக்கணும், காலைல அஞ்சு மணி வேலைக்கு எழுப்பிவிட ஆள் வேணும், காய்ச்சல் வந்தா பகல்லயும் படுக்க இடம் வேணும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு தம்பி. எங்க ஆபீசுக்குத் தண்ணி கேன் போடுறவன். ஆறு வயசுலேர்ந்து 18 வரைக்கும் ஒரு இல்லத்தில் வளர்ந்தவன். வெளியே வந்தப்போ கையில் ஒரு பை, பிளஸ் டூ மார்க் ஷீட், கொஞ்சம் பணம். முதல் ஒரு மாசம் ஒரு நண்பன் ரூமில். அப்புறம் பரோட்டா கடை மாடியில். அப்புறம் தண்ணி கேன் குடோன்லயே.

"பன்னெண்டு வருஷம் ஒரே அட்ரஸ் இருந்துச்சுண்ணா. இப்ப பேங்க்ல, கேஸ் கனெக்‌ஷன்ல, எங்க போனாலும் அட்ரஸ் கேக்கறாங்க. குடோனை எழுதவா முடியும்?"

அவன்கிட்ட பேச்சுவாக்கில் ஒரு பெருமையைச் சொன்னேன். என் பொண்ணோட முதல் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்ட கதை. பசங்க வரிசையா நின்னு பாட்டுப் பாடினாங்க, போட்டோ எல்லாம் எடுத்தோம்னு. அவன் சிரிச்சான். "நானும் நிறைய பாடியிருக்கேண்ணா. ஞாயித்துக்கிழமை சில வாரம் மூணு வீட்டு பிரியாணி வந்துடும். மூணு தடவை பாடணும். செவ்வாய்க்கிழமை ரசம் சாதம்தான்."

குத்திக் காட்டணும்னு அவன் சொல்லலை. ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. செவ்வாய்க்கிழமையைப் பத்தி நான் ஒருநாளும் யோசிச்சதில்லையே!

இப்போ எங்க வசூல் நிலவரத்துக்கு வாங்க. வீட்டு அட்வான்ஸ் ரெண்டு லட்சம் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. கட்டில், மெத்தை, ஃபேன் எல்லாம் கேட்கும் முன்னாடியே வந்தது. ஒருத்தர் போன் பண்ணி, "பொருளா எது வேணும்னாலும் சொல்லுங்க சார், சம்பளம் வாடகைன்னா மட்டும் கொஞ்சம் யோசிக்கணும்"னார். இன்னிக்கு எங்ககிட்ட மூணு கிரைண்டர் இருக்கு. மாவாட்டத்தான் ஆள் இல்லை.

மாசச் செலவை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வாடகை 30,000. காப்பாளர் சம்பளம் 18,000. சமையல் அம்மாவுக்கு 12,000. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் சாப்பாடுன்னு வெச்சா 12 பேருக்கு 36,000. கரண்ட், தண்ணி, கேஸ் 12,000. மருந்து, பஸ் செலவு, பயிற்சிக் கட்டணம் 12,000. ஆகமொத்தம் 1,20,000. அதாவது மாசம் 500 ரூபாய் தர 240 பேர் வேணும். ஆறு மாசம் அலைஞ்சு கிடைச்சவர்கள் 83 பேர்.

எங்களுக்குள்ளேயே இதில் சண்டை நடந்தது. ஒரு பெரிய மனுஷர் மொத்தமாகவே பணம் தரத் தயாரா இருந்தார். அவங்க அம்மா பேர்ல கல்வெட்டு கேட்டார், சரின்னோம். அதோட, திறப்பு விழாவில் பசங்களை மேடையேத்தி ஒவ்வொருத்தன் கதையையும் சொல்ல வைக்கணும், வீடியோ எடுக்கணும்னார். "எடுத்தா எடுத்துட்டுப் போறார், ஒரு வருஷ வாடகை சார்"னு எங்கள்ல மூணு பேர். நான் உட்பட நாலு பேர் முடியாதுன்னுட்டோம். 20 வயசுப் பையன் நாளைக்கு வேலைக்குப் போவான், பொண்ணு பார்க்கப் போவான். அவன் அழுத வீடியோ அவனுக்கு முன்னாடி அங்கே போய் நிக்கக் கூடாது. பணம் போச்சு. சரியா செஞ்சோமான்னு சில ராத்திரி சந்தேகம் வருது, மறைக்க மாட்டேன். ஆனா கல்வெட்டை ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சுடலாம். மனுஷன் முகத்தை அப்படி வைக்க முடியாதே.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. 1969ல் லண்டன் சோஹோ பகுதியில் கென்னத் லீச்னு ஒரு பாதிரியார் ஒரு சர்ச்சில் வீடில்லாத இளைஞர்களுக்கு இடம் திறந்தார். பேர் சென்டர்பாயின்ட். பக்கத்திலேயே ஆள் இல்லாமல் காலியா நின்ன சென்டர் பாயின்ட்கற உயரமான கட்டிடத்தைக் குத்திக் காட்டத்தான் அந்தப் பேர். அது இன்னைக்கும் நடக்குது. அவங்க பணம் திரட்டுற வழிகள்ல ஒண்ணு, ஒரு அறைக்கு மாசாமாசம் சின்னத் தொகை கொடுத்து ஆதரிக்கிற திட்டம். கட்டிடம் ஒரு தரம் கட்டினாப் போதும், அறைக்கு மாசாமாசம் செலவு இருக்குன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க.

நமக்கும் இது புதுசில்லைங்க. எங்க பாட்டி உலை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். மாசக் கடைசியில் அந்தப் பானை கோயிலுக்கோ இல்லாதப்பட்டவங்களுக்கோ போகும். அந்தப் பிடி அரிசிக்கு ரசீதும் கிடையாது, போட்டோவும் கிடையாது. வீட்டில் கஷ்டம் வந்த வருஷத்திலும் பானை நின்னதில்லை, பிடிதான் கொஞ்சம் சின்னதாச்சு. நாம என்ன பண்ணினோம்? பானையைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, வருஷத்துக்கு ஒருநாள் பிரியாணி அண்டாவோட போய் நிக்கறோம்.

பிறந்தநாள் சாப்பாடு தப்புன்னு சொல்லலை. போடுங்க. ஆனா அந்தத் தொகையைப் பன்னெண்டாப் பிரிச்சு மாசாமாசம் கொடுத்தால், ஒரு காப்பாளர் அடுத்த மாசச் சம்பளம் வருமாங்கற பயம் இல்லாமல் அங்கேயே இருப்பார். ஆள் மாறாத இடத்தில்தான் பையன்களும் தங்குவாங்க. எங்களுக்கே தரணும்னு இல்லை, உங்க ஊர்ல நல்லா நடக்கிற எந்த இடத்துக்கும் தரலாம். பதிவு இருக்கா, தணிக்கை ஆன கணக்கு காட்டுறாங்களான்னு கேட்டுட்டுத் தாங்க. கேட்டதுக்குக் கோபப்பட்டால் தராதீங்க.

போன வாரம் அந்தத் தம்பியைக் கூட்டிப்போய், பார்த்து வெச்சிருக்கிற வீட்டைக் காட்டினேன். ஹால், மூணு ரூம், மொட்டை மாடி எல்லாம் சுத்திப் பார்த்தான். நல்லாருக்குன்னு சொல்வான்னு எதிர்பார்த்தேன். கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"சாவி ஆளுக்கு ஒண்ணு தருவீங்களாண்ணா?"

12 சாவி செய்ய ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. அதுக்கு உபயதாரர் இப்பவே கிடைச்சுடுவார். அந்தப் பூட்டு அடுத்த வருஷமும் அதே கதவுல தொங்கணுமே, அதுக்கு இன்னும் 157 பேர் வேணும். டியூப்லைட்டில் பேர் எழுதிக்கலாம், ஆட்சேபணை இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கரண்ட் பில்லையும் நினைச்சுக்குங்க :-)

பி.கு.: ரயில்வே ஸ்டேஷன்லயோ பஸ் ஸ்டாண்ட்லயோ 18 வயசுக்குக் கீழே தனியாத் தவிக்கிற பிள்ளையைப் பார்த்தால், காசு கொடுத்துட்டு நகராமல் 1098க்குப் போன் பண்ணுங்க.