நாணயத்தில் வீரர்களுக்கும் பங்கு

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாதுக்கு 2025 நவம்பரில் உறுதியாயிற்று. மத்திய அரசு இதற்கும் நினைவு நாணயம் வெளியிடும் என எதிர்பார்க்கலாம்.

1982 தில்லி ஆசியப் போட்டிகளின்போது வெளிவந்த 10 காசு, 25 காசு நாணயங்கள் சாமானியர் கைகளிலும் புழங்கின. 2010 தில்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக வெளியிடப்பட்ட 100 ரூபாய் நாணயத்தின் கதை வேறு. பாதி வெள்ளி கலந்த அது, முகமதிப்பைப்போலப் பல மடங்கு விலைக்குச் சேகரிப்போருக்கென்றே விற்கப்பட்டது. அப்படிக் கிடைக்கும் உபரியில் ஒரு பைசாவேனும் விளையாட்டு வீரருக்குச் சேர வேண்டும் என்று நமது நாணயச் சட்டம் சொல்லவில்லை.

அமெரிக்கா இதைச் சட்டமாக்கியது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கையொட்டி விற்கப்பட்ட வெள்ளி டாலர் ஒவ்வொன்றுக்கும் 10 டாலரும், தங்க நாணயத்துக்கு 50 டாலரும் கூடுதலாக வசூலிக்கப்பட்டன. அவ்வாறு திரண்ட 7 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை அந்நாட்டு ஒலிம்பிக் குழுவும் போட்டி அமைப்புக் குழுவும் பகிர்ந்துகொண்டன. பிறகு பேராசை பிடித்துக்கொண்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு 16 வகை நாணயங்களை அடித்துக் குவித்தார்கள், வாங்க ஆளில்லை. அந்த ஆண்டே, நினைவு நாணயத் திட்டங்கள் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்றும், தயாரிப்புச் செலவு மீண்ட பிறகே பயனாளி அமைப்புக்குப் பணம் தரப்படும் என்றும் நாடாளுமன்றம் கடிவாளமிட்டது.

நாணயம் விற்றுப் போட்டிச் செலவையே ஈடுகட்டிவிடலாம் என்பதும் பகற்கனவுதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்காகக் கனடா 28 வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. கடன் தீர்ந்ததோ 2006-இல்!

நாம் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. ஒரே ஒரு வெள்ளி நாணயம், அளவோடு. விலையில் குறிப்பிட்ட தொகை வீரர்களின் பயிற்சிக்கு எனச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொள்ள 1998-இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய விளையாட்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது. அமைப்புக் குழுவின் கையில் அது போய்விடக் கூடாது. 2010 போட்டிச் செலவுகள் குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011-இல் அளித்த அறிக்கையைப் படித்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வரவும் செலவும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். நாணயத்தின் வடிவமைப்பு முடிவாகும் முன்னரே நிதி அமைச்சகம் இதற்கான மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.