ஆயுளைக் குறுக்கும் நோயும் அரைநாட் சம்பளமும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே பேதியும் காய்ச்சலும் நம் மக்களைக் கொத்துக் கொத்தாக வாரிச் சென்ற காலம் ஒன்றிருந்தது. அக்காலம் மலையேறிவிட்டது. இன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை ஓசையின்றி வரும் நோய்கள்: இரத்த அழுத்தம், நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரகக் கேடு, வாய்ப் புற்றுநோய். இலங்கையில் நிகழும் 100 மரணங்களில் 83 மரணங்களுக்குத் தொற்றா நோய்களே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டிலேயே கணக்குக் காட்டியது. கிழப்பருவத்தில் வரும் சாவுகள்தாமே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதிலேயே இவை ஆளை வீழ்த்துகின்றன.

1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அந்தச் சேமிப்பைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உண்டு. முப்பது ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் கைக்கு வரும் வேளையில், வாங்க வேண்டிய கை பாரிசவாதத்தால் விழுந்து கிடந்தால் அந்தச் சட்டத்தால் அவளுக்கு என்ன பயன்?

வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, மழை ஓயாத சரிவுகளில் அமைந்த றொசல்லயை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தம் வலிக்காது. நீரிழிவும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்காக வேலையை விட்டுவிட்டு அட்டனுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து டிக்கோயா வைத்தியசாலைக்குப் போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்கித் திரும்பினால் ஒரு நாள் முடிந்துவிடும். கிளினிக் நடப்பதோ பெரும்பாலும் வேலைநாளில். அன்று செக்ரோலில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. மாதம் ஒரு நாட் சம்பளத்தை இழக்க முடியாதவள் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். இதனை அறியாமை என்று கூறி ஒதுங்கிக்கொள்ளும் படித்த பெருமக்களை நாம் கண்டிருக்கிறோம். அவள் போடுவது பசிக் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. நல்ல காரியந்தான். ஆனால் பெரிய வைத்தியசாலை விழுந்தவனைத் தூக்குவதற்கு; விழாமற் காப்பதற்கு வேண்டியது தோட்டத்து மருந்துச்சாலையே. அந்த மருந்துச்சாலை எதற்காக ஏற்பட்டது? 1872ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் வந்த மருத்துவத் தேவைச் சட்டங்கள், காய்ச்சலையும் காயத்தையும் ஆற்றி ஆளை மறுபடி மலைக்கு அனுப்பும் நோக்குடையவை. ஆயுள் முழுவதும் உடனிருக்கும் நோயை அவை அறியமாட்டா. சட்டங்கள் பழசாகிவிட்டன, அவற்றின் சிந்தனை மட்டும் இன்னும் பழசாகவில்லை!

வீடுதோறும் சென்று நோயைத் தேடுவது முடியாத காரியம் என்று சொல்லுவார் உளர். 1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இந்நாட்டுத் தோட்டங்களில் தொடங்கியபோது, லயம் லயமாகச் சென்று மருந்து கொடுத்தார்கள். இரத்தமற்ற தொழிலாளியால் கொழுந்து குறையும் என்று துரைமார் உணர்ந்திருந்த காலம் அது. இலாபத்துக்காக அன்று முடிந்தது, உயிருக்காக இன்று முடியாதா?

உணவைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். காலையிலும் மாலையிலும் கோதுமை மா ரொட்டி, உப்பு மிகுந்த சம்பல், கருவாடு, சீனி கரைத்த சாயத்தண்ணீர்: இதுவே பல குடும்பங்களின் உணவு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடும் சம்பலும் சேர்ந்தால் அந்த எல்லையை எளிதில் கடந்துவிடும். இதற்கிடையில் நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியேறித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. அவை விளையும் மலைக்கு அடுத்த மலையில் ரொட்டியும் சம்பலுமே கதி! நம் விவசாயிகள் வாரம் ஒரு நாளேனும் தோட்டச் சந்திகளில் நேரடியாக விற்றால் இரு தரப்புக்கும் இலாபம். இடைத்தரகருக்கு மட்டுமே நட்டம்.

வெற்றிலை பாக்கையும் விட்டுவிட முடியாது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004ஆம் ஆண்டில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் முடிவு கூறிவிட்டது. இந்நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. குளிருக்கும் களைப்புக்கும் துணையென்று வாயில் அடக்கிக்கொள்ளும் பொருள் அது. ஆனால் ஆறாத வெள்ளைத் தழும்பு ஒன்று வாயில் தோன்றினால் அதனைக் காட்ட ஒரு கிழமையும் தாமதிக்கலாகாது. சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போகும் பணத்தைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. வீட்டுப் பெண்கள் அறிவார்கள்.

இன்னொரு செய்தி நம்மைக் கலங்கச் செய்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 32 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்கும் அந்தக் கணக்கு 17. தாயின் வயிற்றிலும் பிள்ளைமடுவத்திலும் பட்டினி கிடந்த உடல், பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் இடங்கொடுக்கிறது என்பதை மருத்துவர் பலர் ஏற்றுள்ளனர். எனவே கர்ப்பிணியின் தட்டில் இன்று ஒரு முட்டை வைப்பதும் இருதய நோய்த் தடுப்பேயாகும்.

பின்லாந்து நாட்டின் வட கரேலியாவும் ஏழை விவசாயிகளின் மாகாணமே. மாரடைப்பால் நடுவயது ஆண்கள் அங்கே மளமளவென்று மாண்டார்கள். 1972ஆம் ஆண்டில் டாக்டர் பெக்கா புஸ்காவும் அவர் குழுவினரும் வேலையைத் தொடங்கினர். அவர்கள் வைத்தியசாலைக்குள் இருந்துவிடவில்லை. மாதர் சங்கங்களைக் கூட்டினர், சமையலை மாற்றினர், பால் பண்ணைக்காரரைப் பழச்செடி பயிரிடத் தூண்டினர், புகைப்பதை விடச் செய்தனர். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 100க்கு 80 பங்குக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டு முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் உண்டு. அவை தோட்டத்துக்கு வரவேண்டும். பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கப்படட்டும். மாத்திரை தோட்ட மருந்துச்சாலையிலேயே கிடைக்கட்டும். கிளினிக் அட்டையைக் காட்டியவருக்கு அந்த அரைநாட் பேர் வெட்டப்படாதிருக்கட்டும். அடுத்த சம்பளப் பேச்சு மேசையில் நாட்கூலியோடு இக்கோரிக்கையையும் தொழிற்சங்கத் தலைவர்கள் வைக்கவேண்டும். மலைநாட்டிலே பிறந்து டாக்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்துள்ள நம்மவர், அந்தப் பேச்சுக்கு வேண்டிய கணக்குகளை இன்றே தங்கள் தங்கள் தோட்டத்தில் திரட்டத் தொடங்கலாம்: நாற்பது வயதைத் தாண்டியோர் எத்தனை பேர், அவர்களில் ஒருமுறையேனும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டவர் எத்தனை பேர் என்று.