ஷீஷாவுக்கு எச்சரிக்கைப் படம் இல்லையா?



சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லும் இளைஞர்கள்கூட, வார இறுதியில் நண்பர்களோடு ஷீஷா இழுப்பதைத் தவறாக நினைப்பதில்லை. புகை தண்ணீர் வழியாக வருகிறது, பழ வாசனை அடிக்கிறது, ஆகவே கெடுதல் இல்லை என்று நம்புகிறார்கள். தண்ணீர் புகையைக் குளிரவைக்குமே தவிர நஞ்சை அகற்றாது. தொண்டை எரியாததால் இன்னும் ஆழமாக இழுக்கத்தான் தோன்றும். ஒரு மணி நேரம் ஷீஷா இழுப்பவர் உள்வாங்கும் புகை, ஒரு சிகரெட்டின் புகையைப்போல் 100 முதல் 200 மடங்கு வரை இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. புகையிலை கலக்காத ‘மூலிகை’ ஷீஷாவிலும் கரித்துண்டு எரிகிறது. கார்பன் மோனாக்சைடு வருகிறது.

இளையோரைத் திட்டிப் பயனில்லை. நம் மலேசியாவில் 2009 முதல் சிகரெட் பெட்டிகளில் நோயின் கோரம் படமாக அச்சிடப்படுகிறது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. சிகரெட் கொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஷீஷாவோ பெட்டியோடு மேசைக்கு வருவதில்லை. கடைக்காரர் உள்ளேயே நிரப்பி, கரி வைத்து, குழாயைக் கையில் கொடுக்கிறார். பெட்டியில் எச்சரிக்கை இருந்தாலும் அது உள்ளேயே நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் பார்ப்பது ஆப்பிள், திராட்சை, புதினா என்ற பட்டியலை மட்டுமே.

ஷீஷாவுக்கும் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்றால், வயது வந்தவர்களின் விருப்பத்தில் தலையிடலாமா என்று கேட்பார்கள். 2007 முதல் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருள் விற்கக் கூடாது என்ற மசோதாப் பிரிவை அரசாங்கம் 2023-இல் கைவிட்டுவிட்டது. முடிவை அவர்களிடமே விட்ட பிறகு, விவரத்தை மறைப்பது எந்த வகையில் நியாயம்? எப்போதாவது ஒருநாள்தானே என்ற வாதமும் நிற்காது. நிக்கோட்டின் பழக்கம் அந்த ஒருநாளில்தான் தொடங்குகிறது. ஒரே குழாய் பல வாய்களுக்கு மாறும்போது கிருமியும் மாறுகிறது. சுற்றுப்பயணிகள் குறைவார்கள், வியாபாரம் படுக்கும் என்பது இன்னொரு கவலை. பினாங்குக்கு ஆட்கள் வருவது சாப்பாட்டுக்கும் பழைய கட்டடங்களுக்கும். தமிழ்நாடோ சட்டத்தையே திருத்தி ஹூக்கா (ஷீஷா) கூடங்களைத் தடை செய்தது; நான் கேட்பது அந்த அளவுக்கு அல்ல.

உணவகங்களில் புகைக்க 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள சட்டம் தடுக்கிறது. இவை பின்பற்றப்படுகின்றனவா என்று சுகாதார அமைச்சின் அதிகாரிகள் ஜார்ஜ்டவுனிலும் பத்து பெரிங்கியிலும் இரவு நேரத்தில் சோதனை நடத்த வேண்டும். ஷீஷா எங்கே விற்கப்பட்டாலும் விலைப்பட்டியலிலும் குழாயிலும் எச்சரிக்கைப் படம் இருப்பதை உரிம நிபந்தனையாக்கும்படி பினாங்கு தீவு மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு