சும்மா அடிக்குது சார்!

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. சமையல் குறிப்பு தேடி வந்தவர்கள் அடுத்த வாரம் வாங்க :-)

"ஐஸே ஹி பஜ்தா ஹை, சாப்." அதாவது, சும்மா அடிக்குது சார். ஹரியானாவில் ஆலை ஆலையாகச் சரக்கு இருப்பு சரிபார்க்கப் போகிற எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சுவரில் தீ அலாரம் பேனல் இருக்கும். அதில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என்ன அது என்று கேட்டால், அந்தப் பகுதியை மட்டும் பைபாஸ் செய்திருக்கிறோம் என்பார்கள். ஏன்? சும்மா அடிக்குது சார்.

சும்மா எதுவும் அடிக்காது. நான் சொல்லவந்தது அவ்வளவுதான். ஆனால் அதை விளக்கிச் சொல்லாவிட்டால் "பேங்க்காரனுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்" என்பார்கள். சரி, நான் பி.காம்.தான். எங்கள் தொழிலில் கணக்கு உதைத்தால் "சும்மா உதைக்குது" என்று பேரேட்டை மூட விடமாட்டார்கள். பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் உட்கார்ந்து தேடித்தான் ஆகவேண்டும். அதே ஒழுங்கைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

பானிப்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கக் கழித்துப்போட்ட பழைய துணி இந்த ஊருக்குத்தான் வந்து குவிகிறது. அதைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பழைய கோட்டில் ஜிப் இருக்கும், உலோகப் பொத்தான் இருக்கும். ஆட்கள் உட்கார்ந்து வெட்டி எடுக்கிறார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு தப்பிப்போகும். அது கிழிக்கும் இயந்திரத்தின் பல்லில் பட்டால் பொறி. அந்தப் பொறி பஞ்சோடு சேர்ந்து காற்றுக் குழாயில் பறந்து அடுத்த இயந்திரத்துக்கோ, தூசி அறைக்கோ போகும். நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம் புளோரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பஞ்சுப் பொதியில் வந்த கல்லோ கம்பியோ பீட்டரில் அடிபடுவதும் இதே கதைதான்.

இதைப் பிடிக்கத்தான் குழாயில் பொறி உணரி வைக்கிறார்கள். பொறியிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் சொல்லிவிடும். பஞ்சாலையில் உடனே ஒரு கதவு திரும்பி, பொறி கலந்த பஞ்சைத் தனியாக வெளியே தள்ளும். யமுனாநகர் பக்கத்துப் பலகை ஆலைகள் மாதிரி மரத்தூள் ஓடும் இடங்களில் குழாய்க்குள்ளேயே தண்ணீர் பீச்சும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உணரி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தீ இல்லை. உடனே "பொய் அலாரம்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அய்யா, அது தீயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, பொறியைக் கண்டுபிடிக்கும் கருவி. பொறி வந்தது, பஞ்சில் பற்றாமல் தானாக அணைந்தது. தீ பிடிக்கவில்லை என்பதால் பொறி வந்ததே பொய்யா? 'புலி வருது' கதையில் பையன் பொய் சொன்னான். இங்கே பையன் புலியின் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டுக் கத்துகிறான். நாம் அவன் வாயில் துணியை அடைக்கிறோம்.

நிஜமாகவே பொய்யான அலாரங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கும் காரணம் உண்டு. சாதாரணப் பொறி உணரி இருட்டுக் குழாயை நம்பி வேலை செய்வது. குழாயில் ஓட்டை, கிழிந்த ரப்பர் இணைப்பு, சரியாக மூடாத சோதனைக் கதவு, இதில் ஏதாவது ஒன்றின் வழியாக வெயில் உள்ளே புகுந்தால் அதையும் பொறி என்று நினைத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியிலிருந்து எஞ்சினியர் வரவேண்டியதில்லை. எந்த நேரத்தில் அடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். பகலில் மட்டும் அடித்து ராத்திரி ஷிஃப்டில் அடிக்காவிட்டால் வெயில்மேல் சந்தேகப்படலாம். ஓட்டையை அடையுங்கள். அடைக்கவே முடியாத இடமென்றால், பகல் வெளிச்சத்தால் ஏமாறாத உணரிகளும் சந்தையில் இருக்கின்றன.

கிடங்கில் வேறு கதை. சாதாரணப் புகை உணரிக்குள் ஒரு சின்ன ஒளிக்கற்றை இருக்கும். புகைத்துகள் அதைச் சிதறடித்தால் அடிக்கும். பஞ்சுத் தூசியும் நீராவியும் பூச்சியும் அதே மாதிரிதான் சிதறடிக்கும். ஆபீஸுக்கு வாங்குகிற உணரியை விலை குறைவு என்று பஞ்சு பறக்கும் இடத்தில் மாட்டிவிட்டு, அடிக்குது அடிக்குது என்றால் யார் குற்றம்? அங்கே வெப்ப உணரியோ, காற்றை உறிஞ்சி வடிகட்டிச் சோதிக்கும் முறையோ பொருந்துமா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புற ஊதாக் கதிரைப் பார்க்கும் தழல் உணரி வெல்டிங் வெளிச்சத்துக்கும் அடிக்கும். அகச்சிவப்பில் பல அலைநீளங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வகை அவ்வளவு எளிதில் ஏமாறாது. தானியங்கித் தீ உணரிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2189-இன் தலைப்பிலேயே தேர்வு, நிறுவுதல், பராமரிப்பு என்று மூன்றும் இருக்கிறது. நம் ஆட்கள் நடுவில் உள்ளதை மட்டும் செய்துவிட்டுப் பில்லை நீட்டுகிறார்கள்.

இன்னொரு குறுக்குவழி, "கொஞ்சம் தாமதமாக அடிக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க" என்பது. குழாயில் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உணரிக்கும் தண்ணீர் பீச்சும் முனைக்கும் நடுவே 8 மீட்டர். கணக்குப் போடுங்கள், 0.4 விநாடி. இதில் எதைத் தாமதப்படுத்துவீர்கள்? பொறி தூசி அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு அடிக்கும் அலாரம் எதற்கு?

"ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தினால் உற்பத்தி என்னாவது?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர் பீச்சும் முறையில் இதற்கு வழி இருக்கிறது. ஒன்றிரண்டு பொறிக்குச் சில விநாடி தண்ணீர் மட்டும் பீச்சும், இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். பொறிகள் கூட்டமாக வந்தால்தான் நிறுத்தும். எத்தனைக்கு நிறுத்துவது என்று அமைத்துக்கொள்ளலாம். பொறி அடிக்கடி வந்தால் காந்தம் சரியாக இருக்கிறதா, விசிறி உரசுகிறதா, பேரிங் சுடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதை விட்டுவிட்டு மொத்தத்தையும் அணைப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. இங்கே நிஜமாகவே கொளுந்துவிட்டு எரியும்.

இது ஹரியானா ஆலைகளின் வியாதி மட்டுமில்லை. 2010 ஏப்ரல் 20-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் நடந்த விசாரணையில் மேடையின் தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் சாட்சி சொன்னார். பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி ஏறக்குறைய ஒரு வருடமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்ததாம். காரணம், விடியற்காலை மூன்று மணிக்குப் பொய் அலாரத்தால் யாருடைய தூக்கமும் கெடக்கூடாது என்பது.

இனி எங்கள் வர்க்கத்துக்கு வருகிறேன். கடன் கொடுக்கும்போது நாங்கள் பாலிசி கேட்கிறோம். அதில் வங்கியின் பேரும் இருக்கவேண்டும், இழப்பீடு எங்கள் கைக்கு வரவேண்டும் என்று ஷரத்து போடுகிறோம். தீயணைப்பு வசதி உண்டா என்ற கட்டத்தில் ஒரு டிக். அந்த வசதி உயிரோடு இருக்கிறதா என்ற கட்டம் நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இல்லை. கடனுக்குக் காப்பு இருக்கிறது. ராத்திரி ஷிஃப்டில் நிற்கிற பீகார்ப் பையனுக்கும், வேலை முடிந்து கிடங்கு மாடியில் தூங்குகிற குடும்பத்துக்கும் அந்த உணரி மட்டும்தான் காப்பு. அதைத்தான் பைபாஸ் செய்கிறோம்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, ஒவ்வொரு அலாரத்துக்கும் தேதி, நேரம், இடம், காரணம் எழுதிய பதிவேடு. காரணப் பத்தியில் 'பொய்' என்று எழுதக்கூடாது. 'வெயில்', 'ஜிப்', 'தூசி', 'வெல்டிங்' என்று எழுதவேண்டும். இரண்டு, பைபாஸ் செய்தால் யார், எப்போது, எத்தனை மணிவரை என்று கையெழுத்து, அதுவரை அந்த இடத்தில் ஓர் ஆள் காவல். மூன்று, கடன் புதுப்பிக்கும்போது வங்கியும், பாலிசி புதுப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனமும் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் எவ்வளவு ஆகிவிடும்?

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் யாராவது குஜராத்திலோ பஞ்சாபிலோ மத்தியப் பிரதேசத்திலோ ஸ்பின்னிங் மாஸ்டராகவோ மெயின்டனன்ஸ் ஃபிட்டராகவோ இருப்பார்கள். அண்ணாச்சி, மாமா, தம்பி, யாராக இருந்தாலும் இன்று ராத்திரி போனில் "சாப்பிட்டாச்சா"வுக்கு அப்புறம் இதையும் கேளுங்கள்: உங்க பேனலில் மஞ்சள் விளக்கு எரியுதா? எரிகிறது என்றால், எத்தனை நாளாக?

டிஸ்கி: "சும்மாதான் எரியுது" என்று பதில் வந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.