ஓடிய தூரத்துக்குக் கணக்கு இல்லை

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டில் பதிவாகியிருந்த வாகனங்கள் ஏறத்தாழ 14 லட்சம். அவ்வாண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 14,500 பேர். அதாவது பத்தாயிரம் வாகனங்களுக்கு 103 மரணங்கள். 2022-இல் இறந்தவர்களின் எண்ணிக்கை 1,68,491 ஆக உயர்ந்தபோதும், பதிவான வாகனங்கள் 32 கோடியைத் தாண்டிவிட்டதால் அதே விகிதம் ஐந்தைச் சுற்றி இறங்கிவிட்டது. இதை மட்டும் பார்ப்பவர் நாட்டின் சாலைகள் இருபது மடங்கு பாதுகாப்பாகிவிட்டன என்று நம்பக்கூடும். மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டாலோ, ஒரு லட்சம் பேருக்கு 2.7 ஆக இருந்த மரணம் 12-க்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டு விகிதங்களுமே சாலையில் ஓடும் வாகனம் எவ்வளவு தூரம் ஓடுகிறது, அந்தத் தூரத்தில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தருவதில்லை.

பதிவு எண்ணிக்கையின் குறை அது திரட்டப்படும் முறையிலேயே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு வாங்கும்போதே பதினைந்து ஆண்டுகளுக்குப் பதிவு கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் சாலை வரியும் அப்போதே மொத்தமாக வசூலிக்கப்பட்டுவிடுகிறது. இடையில் அந்த வண்டி காயலான் கடைக்குப் போனாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சென்று பதிவை ரத்து செய்யும் அவசியம் உரிமையாளருக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. ஆகவே ஏட்டில் வாகனங்கள் கூடிக்கொண்டே போகின்றன. என்றோ உடைத்து விற்கப்பட்ட ஸ்கூட்டரும் விபத்து விகிதத்தைக் குறைத்துக் காட்ட உதவிக்கொண்டிருக்கிறது.

உண்மையான அளவுகோல் வாகன-கிலோமீட்டர், அதாவது ஓர் ஆண்டில் எல்லா வாகனங்களும் ஓடிய தூரத்தின் கூட்டுத்தொகை. இதை அளப்பதற்குச் சிறந்த முன்மாதிரியாக ஆஸ்திரேலியப் புள்ளியியல் நிறுவனம் 1963 முதல் நடத்திவந்த மோட்டார் வாகனப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்லலாம். அதன் பிற்காலப் பதிப்புகளில் பதிவேட்டிலிருந்து ஏறத்தாழ 16,000 வாகனங்கள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தத் தேர்வு வெறும் குலுக்கல் அல்ல. மாநிலம், வாகன வகை, வாகனத்தின் வயது என்று பதிவேட்டைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் தேவையான அளவு எடுக்கும் அடுக்குவாரி மாதிரி முறை அது. வீட்டுக் கார்களின் ஓட்டம் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். சரக்கு லாரிகளிலோ ஒன்று ஊருக்குள்ளேயே சுற்ற, மற்றொன்று நாட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், எண்ணிக்கையில் குறைவான லாரிகளிலிருந்து விகிதத்துக்கு மீறி மாதிரி எடுத்தால்தான் கணக்கு நம்பத்தக்கதாகும்.

கேட்கும் முறையில் இன்னும் கவனம் இருந்தது. சென்ற ஆண்டு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று திடீரெனக் கேட்டால், யாராக இருந்தாலும் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று முழு எண்ணாகத்தான் சொல்வார்கள். ஆகவே மூன்று மாதக் காலாண்டு தொடங்கும்போதே உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பி, வண்டி ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். காலாண்டு முடிந்ததும் மறுபடி அந்த எண்ணையும், தொழிலுக்காக எவ்வளவு, வேலைக்குப் போய்வர எவ்வளவு, சொந்த வேலைக்காக எவ்வளவு என்ற பிரிவினையையும் கேட்டார்கள். 2020 ஜூனில் முடிந்த ஆண்டில் ஆஸ்திரேலிய வாகனங்கள் சுமார் 23,800 கோடி கிலோமீட்டர் ஓடின, சராசரியாக ஒரு வாகனம் 12,100 கிலோமீட்டர் ஓடியது என்ற விவரம் இந்த எளிய கழித்தல் கணக்கிலிருந்து கிடைத்ததே. அதோடு அந்தக் கணக்கெடுப்பு நிறுத்தப்பட்டது வருத்தத்துக்குரியது.

நிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கு லாரிகளுக்காக 1963-இல் தொடங்கி, பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தப்பட்ட கணக்கெடுப்பு, லாரி எத்தனை மைல் ஓடியது என்பதோடு என்ன சரக்கு ஏற்றியது, எவ்வளவு தூரம் காலியாகத் திரும்பியது என்பதையும் கேட்டது. 2002-க்குப் பிறகு நிதி இல்லை என்று அது கைவிடப்பட்டு, 2021-ஆம் ஆண்டுக்காகத்தான், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வாகனங்களின் மாதிரியோடு, மீண்டும் நடத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எஞ்சின்களும் இணைய வணிகமும் அடியோடு மாறிவிட்டிருந்தும், புகை வெளியேற்றத்தைக் கணிக்கும் அரசின் கணக்கீட்டு முறைகள் 2002-ஆம் ஆண்டின் விடைகளையே சார்ந்திருக்க நேர்ந்தது. சேமித்த பணம் சிறிது, இழந்த அறிவோ எந்தச் செலவாலும் மீட்க முடியாதது. ஏனெனில் 2010-இல் ஒரு லாரி எப்படி ஓடியது என்று இன்று யாரிடமும் கேட்டுப் பெற இயலாது.

இந்தியாவில் இத்தகைய கணக்கெடுப்புக்கு ஓரளவு நெருங்கிவருவது, பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பிரிவுக்காக 2013-இல் பெட்ரோல் பங்குகளில் நடத்தப்பட்ட ஆய்வு. பெட்ரோலில் 61 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களுக்கே போகிறது என்றும், டீசலில் 70 விழுக்காடு போக்குவரத்துக்குச் செல்கிறது என்றும் அது காட்டியது. பயனுள்ள செய்திதான், ஆனால் லிட்டரைக் கிலோமீட்டராக மாற்ற ஒவ்வொரு வண்டியும் உண்மையில் தரும் மைலேஜ் தெரிய வேண்டும், மின்சார வண்டிகளோ பங்குக்கே வருவதில்லை. பிரிட்டனைப் போல ஆண்டுத் தகுதிச் சோதனையில் ஓடோமீட்டரைப் பதிவுசெய்வது மலிவான மாற்று வழி என்றாலும், அந்த எண் தூரத்தைச் சொல்லுமேயன்றி எதற்காக ஓடியது என்பதைச் சொல்லாது.

மாதிரி எடுக்கத் தேவையான பதிவேடு ‘வாகன்’ தரவுத்தளமாக இந்தியாவிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீடுவீடாகச் சென்று விவரம் திரட்டும் களப்பணியாளர்கள் தேசியப் புள்ளியியல் அலுவலகத்திடம் இருக்கிறார்கள். இருசக்கர வாகனங்களே நான்கில் மூன்று பங்காக உள்ள நாட்டில், பெயர் மாற்றாமலே கைமாறிய வண்டிகளும் முகவரி மாறிய உரிமையாளர்களும் மிகுதி என்பதால், இந்தக் கணக்கெடுப்பு எளிதாக இராது. ஆயினும் களப்பணியாளர் பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் போய், அந்த வண்டி விற்றாயிற்று, உடைத்தாயிற்று என்ற பதிலோடு திரும்பினால் அதுவும் கணக்கில் சேர வேண்டிய விடைதான். 32 கோடியில் எத்தனை கோடி வண்டிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன என்பதை அத்தகைய பதில்களைக் கொண்டே மதிப்பிட முடியும்.