பேத்திக்கு இன்னும் பேர் வைக்கலை

நேத்து ராத்திரி நல்ல மழை. கத்தரிக்காட்டுல தண்ணி நிக்குது, கால் வைக்க முடியலை. அதனால இன்னிக்கு உழவர் சந்தைக்கும் போகலை. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயத்தை இப்ப எழுதிடறேன்.

எங்க வீட்டுல பேத்தி பொறந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னும் பேர் முடிவாகலை. பிறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சு, அதுல பேர் இருக்கற இடம் மட்டும் காலியா இருக்கு. பையனும் மருமகளும் முதல் தடவை அப்பா அம்மா ஆனவங்க, எல்லாத்துக்கும் பதட்டம். பையன் ஓசூர்ல வேலை பாக்கறான், சனிக்கிழமை ராத்திரி வருவான். வந்ததும் புள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடியே போனை எடுத்து "இந்த வாரம் இந்தப் பேரு எப்படிப்பா இருக்கு"ன்னு கேப்பான். அவன் கொண்டுவந்த பேரு இதுவரைக்கும் நாப்பது தாண்டியிருக்கும்.

முதல்ல ஜோசியர் நட்சத்திரம் பார்த்தார். ரோகிணி. ஒ, வ, வி, வு இந்த எழுத்துல ஆரம்பிக்கணும்னார். சரி, அதுல நல்ல பேரு எவ்வளவோ இருக்கு. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு டவுன்ல ஒரு எண்கணிதக்காரர்கிட்ட போனாங்க. அவர் 3,000 ரூபா வாங்கிக்கிட்டு, இங்கிலீஷ்ல கூட்டினா அஞ்சு வரணும், அதுக்கு நடுவுல ஒரு 'எச்' சேர்த்துக்கங்கன்னு அனுப்பிட்டார். கடைசியில வந்து நின்ன பேர்ல ஒரு 'ஷ', ஒரு 'ஹ', ஒரு 'ஸ்'. பேரை இங்க போட மாட்டேன், பையன் கோவிச்சுக்குவான். எங்க அத்தைக்கு அதைச் சொல்லிக் காட்டினோம். நாலு தடவை முயற்சி பண்ணிட்டு, "அதென்ன மருந்துப் பேரா"ன்னு கேட்டாங்க.

அத்தையைப் பத்தி சொல்லணும். எங்க அப்பாவுக்கு அக்கா, வயசு 78. ஆயாவுக்கு வரிசையா நாலாவது பொண்ணு. அவங்க பேரு போதும்பொண்ணு. நம்ம பக்கம் வயசானவங்களுக்கு இந்தப் பேரு கேள்விப்படாததில்லை. வடக்கே திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்'னே பேர் வைச்சிருக்காங்க. பொண்ணுக்கு அப்படிப் பேர் வைச்சா அடுத்தது பையனா பொறக்கும்னு நம்பிக்கை. எங்க வீட்டுல அது பலிச்சிருச்சு, அத்தைக்கு அடுத்து பொறந்தவர்தான் எங்கப்பா. அதனால வீட்டுல எல்லாரும் அந்தப் பேரை ராசியான பேருன்னு சொல்லிச் சிரிப்பாங்க. ராசி யாருக்கு? ரேஷன் கடை வரிசையில பேரைச் சத்தமா கூப்பிடறப்ப, பின்னாடி நிக்கற சின்னப் பசங்க சிரிக்கறதை நானே பார்த்திருக்கேன்.

பேருன்னா கூப்பிடறதுக்குத்தானேன்னு சில பேரு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம சேலத்துல 1944-ல நீதிக்கட்சி மாநாடு கூடி, கட்சிப் பேரையே திராவிடர் கழகம்னு மாத்தினாங்க. ரஷ்யா போய்ட்டு வந்த பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோன்னெல்லாம் பேர் வைச்சார். பேருக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா இவங்க எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

பொண்ணு பொறந்த வீட்டுல என்ன பேசுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பேத்தி பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே சொந்தக்காரர் ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "பரவால்லீங்க, அடுத்தது பையனா பொறக்கும்"னார். துக்கம் விசாரிக்கற குரல். எனக்குச் சுருக்குன்னுது. ஏன்னா எங்க ஜில்லாவுக்கு இதுல ஒரு பழைய கணக்கு இருக்கு. தொட்டில் குழந்தை திட்டத்தை 1992-ல முதல்ல தொடங்கினது இந்த சேலத்துலதான். பொண்ணு வேண்டாம்னா கொன்னுடாதீங்க, இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டிய நிலைமை. அப்ப எனக்கு இருபத்திச் சொச்சம் வயசு. கள்ளிப்பால்னு ஊருக்குள்ள குசுகுசுன்னு பேசுவாங்க, யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. 2001 கணக்கெடுப்புல சேலம் ஜில்லாவுல ஆறு வயசுக்குள்ள ஆயிரம் ஆம்பளைப் புள்ளைக்கு 851 பொம்பளைப் புள்ளைதான். தமிழ்நாடு மொத்தத்துக்கும் அது 942. குறையற அந்தப் புள்ளைகளுக்குப் பேரே கிடையாது. அவங்களோட ஒப்பிட்டா போதும்பொண்ணுன்னு பேர் வைச்ச ஆயாவைக் கூட நான் கும்பிடணும். பேர் எப்படியோ, புள்ளையை வளர்த்தாங்களே.

அந்த அத்தை வளர்த்த கைதான் நான். நான் பொறந்தப்ப அவங்க புருஷனை இழந்துட்டு எங்க வீட்டுக்கே வந்திருந்தாங்க. அம்மா காட்டுக்குப் போயிடும். அத்தை என்னைக் களத்துமேட்டுல உக்கார வைச்சு, உரிச்ச கடலைக்காயைக் காட்டி "இதுல மூணை எடுத்து அதுல போடு சாமி"ம்பாங்க. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை. ஒரு குழியில அஞ்சு, மொத்தம் எத்தனை குழி, எத்தனை கொட்டைன்னு எனக்குப் பெருக்கல் வந்தது அப்படித்தான், வாய்ப்பாடு வாங்கறதுக்கு முன்னாடியே. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நான் ஒரு வார்த்தை பேசினா அவங்க ஒன்பது வார்த்தை திருப்பிப் பேசுவாங்க. புள்ளைக்குப் பேச்சு வேற எங்கிருந்து வரும்?

இப்ப நெலமை என்னன்னா, புள்ளைக்கு ஏழு மாசத்துலயே "எந்த ப்ளே ஸ்கூல்"ங்கற பேச்சு. ரெண்டரை வயசுல சேர்க்கறதுக்கு இப்பவே விசாரிச்சு வைக்கணுமாம், ஒரு இடத்துல வருஷத்துக்குக் கேட்ட தொகையைக் கேட்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அரை ஏக்கர் கத்தரி போட்டு நல்ல வெலை கெடைச்சாத்தான் அவ்வளவு தேறும். நம்ம தெரு அங்கன்வாடியில ரெண்டு வயசுலயே சேர்த்துக்கறாங்க. பாட்டு, கதை, மத்தியானம் சாப்பாடு, வாரத்துக்கு மூணு முட்டை. 2019-ல அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துல இருக்கற 2,381 அங்கன்வாடியில எல்கேஜி, யூகேஜியே ஆரம்பிச்சாங்க. அங்க அனுப்பினா கௌரவக் குறைச்சல்னு நினைக்கறவங்ககிட்ட என்ன சொல்றது? அங்கன்வாடி எல்லாம் நல்லா நடக்குதுன்னும் நான் சொல்லலை. போய் ஒரு தடவை எட்டிப் பாருங்க, அவ்வளவுதான்.

அதுக்காகப் பழசு எல்லாம் நல்லதுன்னு சொல்ற ஆளும் இல்லை நான். பொறந்ததும் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்கறது, உரைமருந்து உரசி ஊத்தறது, மூக்குல எண்ணெய் விடறது, இதெல்லாம் வேண்டாம், ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்னு கிராம நர்சு சொன்னாங்க. அத்தைக்கும் என் வீட்டுக்காரிக்கும் கோவம். நான் நர்சு பக்கம் நின்னேன்.

ஆனா போனு விஷயத்துல நான் அத்தை பக்கம். ஏழு மாசப் புள்ளை முன்னாடி போனைச் சாய்ச்சு வைச்சு, அதுல யானை பூனை ஆடிக்கிட்டிருக்க, அது வாயைத் திறக்கறப்ப கூழை ஊட்டறாங்க. அதுவும் பாட்டு இங்கிலீஷ் பாட்டு. கேட்டா "இப்பவே கத்துக்குதுங்க மாமா"ன்னு மருமக சொல்லுது. உலக சுகாதார நிறுவனமே 2019-ல சொல்லிருச்சு, ஒரு வயசுக்குள்ள திரையே கூடாது, ரெண்டு வயசுலருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு. இதை நான் சொன்னப்ப மருமக ஒண்ணும் சொல்லலை. தனியா யோசிச்சுப் பார்த்தா அதையும் குத்தம் சொல்ல முடியாது. பையன் ஓசூர்ல, நாங்க காட்டுல, புள்ளையை வைச்சுக்கிட்டு அது ஒருத்தியா சமையலும் பாக்குது. போனைத் தூக்கிட்டா அந்த அரை மணி நேரம் புள்ளையை யாரு பாப்பா? அதனால இப்ப காலை பத்து மணிக்குக் காட்டுலருந்து வந்ததும் கூழ் ஊட்டற வேலை என்னுது. வாசல்ல உக்காந்து கோழி, ஆட்டுக்குட்டி, காக்காயைக் காட்டி ஊட்டறேன். பாதி என் வேட்டியிலதான் விழுது. அது "ங்கா"ங்குது, நானும் "ங்கா"ங்கறேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரிக்கறார், சிரிக்கட்டும்.

மறுபடி பேர் விஷயத்துக்கு வர்றேன். புதுசா புள்ளை பெத்தவங்க இதைக் கொஞ்சம் கவனிங்க. பிறப்பை 21 நாளைக்குள்ள பதிஞ்சிடணும். பேரை ஒரு வருஷத்துக்குள்ள காசில்லாமச் சேர்த்துக்கலாம். அதுக்கு மேல போனா 15 வருஷம் வரைக்கும் 200 ரூபா கட்டிச் சேர்க்கலாம். ஆனா ஒரு தடவை பதிஞ்சுட்டா அப்புறம் மாத்தறது லேசுல ஆகாது. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பொறந்த புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், ஓட்டு, பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னா, என் பேரு மூணு விதமா இருக்கு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுதினது ஒண்ணு, பட்டாவுல ஒண்ணு, ஆதார்ல இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூட. விவசாயிக்கு வருஷம் 6,000 குடுக்கற பணம் எனக்கு மூணு தவணை நின்னு போச்சு. பட்டாவும் ஆதாரும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க எத்தனை நாள் எந்தெந்த ஆபீஸ் வாசல்ல நின்னேன்னு சொன்னா அழுகை வரும். ஒரு எழுத்துங்க, ஒரே ஒரு எழுத்து. இப்ப 3,000 குடுத்து வேணும்னே ஒரு 'எச்' சேர்க்கறாங்க!

போன ஞாயித்துக்கிழமை பையன்கிட்ட இதையெல்லாம் சொல்லிட்டேன். அஞ்சு வருதோ ஆறு வருதோ, புள்ளையைப் பாக்கறவங்க எல்லாரும் வாய் நிறைய கூப்பிடற மாதிரி, தமிழ்ல எழுதினாலும் இங்கிலீஷ்ல எழுதினாலும் ஒரே மாதிரி வர்ற மாதிரி வைங்க, அதுக்கு மேல உங்க இஷ்டம்னேன். அவன் ஒண்ணும் பேசலை. மருமகதான் அத்தை பக்கத்துல போய் உக்காந்து, "உங்களுக்கு நீங்களே பேர் வைச்சுக்கறதா இருந்தா என்ன பேர் வைச்சுக்குவீங்க"ன்னு கேட்டுச்சு.

அத்தை ரொம்ப நேரம் வெத்தலையை மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கூட அதைக் கேட்டதில்லை.

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்குக் கண்ணு பேரு, அப்புறம் ரேஷன் கார்டை வேற மாத்தணும்"னாங்க. கொஞ்சம் கழிச்சு, "வள்ளின்னு ஒரு பொண்ணு என் கூட களையெடுக்க வரும். அது பேரை யாராச்சும் கூப்பிட்டா நானும் திரும்பிப் பார்ப்பேன்"னாங்க.

'வ'-ல ஆரம்பிக்குது, ரோகிணிக்கும் பொருந்துது. பையன் இன்னும் சரின்னு சொல்லலை. ஒரு வருஷம் முடிய அஞ்சு மாசம் இருக்கு. மருமக மட்டும் புள்ளையை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுது, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

மழை விட்டிருச்சு. போய் வரப்பை வெட்டி விட்டாத்தான் தண்ணி வடியும்.