நாக்குக்குத் தெரியாத கொழுப்பு



ஒரே கம்பெனி. ஒரே பெயர்ப் பலகை, ஒரே மெனு, ஒரே மாதிரி அட்டை டப்பா. அதில் கொஞ்சம் கோழி வறுவல், கொஞ்சம் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ். இதை டென்மார்க்கில் வாங்கினாலும் ஹங்கேரியில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி இல்லை என்று காட்டியவர் ஸ்டீன் ஸ்டெண்டர். கோபன்ஹேகன் நகரை ஒட்டிய கெண்டோஃப்டே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர். 2004, 2005 ஆண்டுகளில் இவரும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி கடைகளில் இதே வறுவலையும் ஃப்ரைஸையும் வாங்கிச் சேர்த்து, ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் தேடியது ஒன்றே ஒன்று: டிரான்ஸ் கொழுப்பு.

ஹங்கேரியில் வாங்கிய ஒரு பெரிய சாப்பாட்டில் அது 20 கிராமுக்கும் மேல் இருந்தது. நியூயார்க்கில் வாங்கியதில் 10 கிராம் அளவுக்கு. டென்மார்க்கில் வாங்கியதில் ஒரு கிராம்கூட இல்லை. 2006ல் இந்த முடிவு வெளிவந்தபோது பலர் திகைத்துப் போனார்கள். டென்மார்க் கிளையில் மட்டும் நல்ல மனசுள்ள சமையல்காரர்கள் இருந்தார்களா? இல்லை. டென்மார்க்கில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. மற்ற இடங்களில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தின் கதையை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன். ஐரோப்பாவின் பொது சுகாதாரச் செய்திகள் நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கொழுப்பு நம் அடுக்களைக்குப் புதிதல்ல. வனஸ்பதி என்று ஒன்று இருக்கிறதே, நம் வீடுகளில் டால்டா என்றே சொல்லிப் பழகிவிட்டோமே, அதன் வழியாகத்தான் பல தலைமுறைகளாக நம் தட்டுக்கும் அது வந்தது.

எண்ணெய் ஒழுகும், வெண்ணெய் உறையும். ஒழுகுகிற தாவர எண்ணெயை உறைய வைக்க முடியுமா? ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் நார்மன், எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கும் முறைக்கு 1902ல் காப்புரிமை பெற்றார். பாதி தூரம் மட்டும் இப்படிக் கெட்டியாக்கும்போது உண்டாவதுதான் டிரான்ஸ் கொழுப்பு. வியாபாரத்துக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. வெண்ணெயைவிட மலிவு. சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கும், பஃப்ஸ் அடுக்கடுக்காகப் பொரியும், கேக் கிரீம் உருகாமல் நிற்கும்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு இறங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெண்ணெய் இதயத்துக்கு ஆகாது, இப்படிக் கெட்டியாக்கிய எண்ணெயில் செய்த மார்ஜரினுக்கு மாறுங்கள் என்று மேற்கு நாடுகளில் டாக்டர்களே சொன்ன காலம் ஒன்று உண்டு. குடும்பத்தின் நலனுக்காகத்தான் எத்தனையோ தாய்மார்கள் மாறினார்கள். 1990ல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டான் இருவரும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. டிரான்ஸ் கொழுப்பு, ரத்தத்தில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி. 1993ல் அமெரிக்காவின் வால்டர் வில்லெட் குழு, பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான நர்சுகளைக் கவனித்து, இதை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயும் அதிகம் வந்ததைக் காட்டியது. ஒரு நாளைக்கு சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு, தொடர்ந்து கூடினால் இதய நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுகிறது என்று பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள்.

ஒரு டீஸ்பூன்தான்! அதைத் தவிர்க்க ஒரு குடும்பத்தால் என்ன செய்திருக்க முடியும்? யோசித்துப் பாருங்கள். அதற்குத் தனி மணம் இல்லை, தனி ருசி இல்லை, நிறம் இல்லை. காரம் அதிகமானால் நாக்கு சொல்லும். உப்பு கூடினால் முதல் வாயிலேயே தெரியும். இது எதையும் சொல்லாது. இருபது வருஷம் கழித்து ஈசிஜி சொல்லும்.

டென்மார்க்கில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஊட்டச்சத்துக் குழு 1994லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஸ்டெண்டரும் யோர்ன் டைர்பெர்க் என்ற மற்றொரு டாக்டரும் விடாமல் எழுதினார்கள், பேசினார்கள். முதலில் மார்ஜரின் கம்பெனிகள் தாமாகவே திருத்திக்கொண்டன. நாட்டின் சராசரி அளவு நன்றாகவே குறைந்தது. பல நாடுகள் அதோடு திருப்தி அடைந்திருக்கும். டென்மார்க் அடையவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவர்கள் கேட்ட கேள்வி இது: சராசரி குறைந்தது சரி, சராசரியாக யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு வீட்டில் சமைத்த சாப்பாடு, பழம், மீன். இன்னொரு வீட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் வழியில் ஃப்ரைஸும் வறுவலும் வாங்கிக்கொள்கிறார். பிள்ளைகள் மைக்ரோவேவ் பாப்கார்ன், வேஃபர் பாக்கெட்டோடு டிவி பார்க்கிறார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கவலைப்பட ஒன்றுமில்லாத மாதிரித்தான் தெரியும். அந்த இரண்டாவது வீட்டுக்கு? ஃப்ரைஸ், வறுவல், பாப்கார்ன், பிஸ்கட் என்று ஒருவர் ஒரு நாள் சாப்பிட்டால் 2001ல் டென்மார்க்கில் 30 கிராம் டிரான்ஸ் கொழுப்பு உள்ளே போயிருக்கும் என்று ஸ்டெண்டர் குழு கணக்குப் போட்டது.

ஆகவே 2003ல் சட்டம் வந்தது. உணவில் உள்ள ஒவ்வொரு 100 கிராம் கொழுப்பிலும், தொழிற்சாலையில் உருவான டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. உலகத்திலேயே முதல் முறை. பாலிலும் நெய்யிலும் இயற்கையாகவே மிகச் சிறிய அளவு இருப்பதை அது தொடவில்லை. லேபிளில் போடுங்கள், படித்துப் பார்த்து வாங்கட்டும் என்று பொறுப்பை ஜனங்கள் தலையில் கட்டவும் இல்லை. செய்கிறவர் செய்யும்போதே சரியாகச் செய்யட்டும் என்றது. 2005ல் அதே சாப்பாட்டைச் சோதித்தபோது 30 கிராம், ஒரு கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது.

ருசி போயிற்றா? கடையில் பிஸ்கட் கிடைக்காமல் போயிற்றா? இல்லை. பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. சட்டத்துக்கு அடுத்த மூன்று ஆண்டுகளைப் பிற வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேரும் சாவு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு சுமார் 14 என்ற அளவில் குறைந்ததாக 2016ல் மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான், தலைகளை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் வீடு திரும்பிய அப்பாக்கள், அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல காரியத்துக்கு ஐரோப்பிய யூனியன் கைதட்டியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம், இது யூனியனுக்குள் சரக்குகள் தடையின்றிப் போய்வரும் விதிக்கு எதிரானது என்று டென்மார்க் மீதே நடவடிக்கை தொடங்கியது! டென்மார்க் அசையவில்லை. 2007ல் ஆணையம் அதைக் கைவிட்டது. பிறகு ஒவ்வொரு நாடாகப் பின்தொடர்ந்தது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஸ்விட்சர்லாந்து 2008ல், ஆஸ்திரியா 2009ல், நார்வே 2014ல். 20 கிராமுக்கு மேல் கண்ட அந்த ஹங்கேரியும் சட்டம் போட்டது.

ஆனால் யூனியன் முழுமைக்குமான விதி மட்டும் அப்போது வரவில்லை. 2011ல் வந்த உணவு லேபிள் சட்டத்தில் ஒரு வினோதம். ஊட்டச்சத்து அட்டவணையில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை ஒரு கம்பெனி போட விரும்பினாலும் போட முடியாது. போடலாம் என்ற பட்டியலில் அது இல்லை. பொருள்களின் பெயர் வரிசையில் ‘பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் உண்டு. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கடைக்குப் போகிற எல்லோரும் வேதியியல் படித்திருக்க வேண்டுமா?

இதற்கிடையே ஸ்டெண்டர் சும்மா இருக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் வறுவல் எங்கும் திருந்தி வந்ததைக் கண்டார். ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் மலிவு விலை பிஸ்கட், வேஃபர் பாக்கெட்டுகளில் பழைய அளவு அப்படியே இருந்தது. அது மட்டுமல்ல. மேற்கு ஐரோப்பிய நகரங்களில், பால்கன் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் சொந்த ஊர்ப் பண்டங்கள் வாங்கும் சின்னக் கடைகளிலும் அதே பாக்கெட்டுகள். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவர் தப்பித்துக்கொண்டார். ஊர் ஞாபகத்தில் பிள்ளைக்கு ஒரு வேஃபர் வாங்கித் தந்தவர் மாட்டிக்கொண்டார். வெளிநாட்டில் வாழும் நம் வாசகர்களுக்கு இந்த வலி விளக்காமலே புரியும்.

2015ல் ஒரு நல்ல திருப்பம். நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், ஐரோப்பியப் பொது சுகாதாரக் கூட்டணி, டாக்டர்கள், இதய நல அமைப்புகள் ஒரு பக்கம். நெஸ்லே, மார்ஸ், மாண்டெலெஸ், கெல்லாக்ஸ் என்ற உணவுக் கம்பெனிகள் இன்னொரு பக்கம். வழக்கமாக எதிரெதிரே நிற்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, எங்களுக்குச் சட்ட வரம்பு வேண்டும் என்று ஆணையத்திடம் கேட்டார்கள். கம்பெனிகள் ஏன் கேட்டன? நாங்கள் செலவு செய்து திருத்திவிட்டோம், திருத்தாதவன் மலிவாக விற்கிறான், எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள் என்பதுதான். நியாயம்தானே! அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையமே தன் அறிக்கையில் சட்ட வரம்புதான் பலன் தரும் என்று ஒப்புக்கொண்டது. 2016ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் வலியுறுத்தியது. 2019ல் விதி வந்தது. அதே 100க்கு 2. நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரல் 2.

2003 எங்கே, 2021 எங்கே? டென்மார்க்கில் ஒரு குழந்தை பிறந்து, படித்து, ஓட்டுப் போடும் வயதுக்கு வர ஆகும் காலம். அறிவியலில் சந்தேகம் இருந்ததால் தாமதமாகவில்லை. லேபிள் போடலாமா, தாமாகத் திருந்த விடலாமா என்று பேசிப் பேசியே காலம் போனது. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது வேஃபர் தின்றுகொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நான் என்ன சாப்பிடவேண்டும் என்று அரசாங்கம் சொல்வதா, என்று சிலர் கேட்பீர்கள். உப்பு, சர்க்கரை விஷயத்தில் அந்தக் கேள்வியை நானும் மதிக்கிறேன். அங்கே ருசி இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, வீட்டுக்கு வீடு அளவு மாறும். காப்பிக்கு எத்தனை ஸ்பூன் என்று சட்டம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் டிரான்ஸ் கொழுப்பை யார் விரும்பிக் கேட்டு வாங்கினார்கள்? கொஞ்சம் அதிகமாகப் போடுங்கள் என்று எந்த வாடிக்கையாளராவது சொன்னதுண்டா? நாம் தேர்ந்தெடுக்காத ஒன்றை நீக்குவதால் நம் சுதந்திரத்தில் எதுவும் குறைந்துவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2018ல் எல்லா நாடுகளையும் இந்தக் கொழுப்பை ஒழிக்கச் சொல்லி அழைத்தது. 2024 ஜனவரியில், அதைச் செய்து முடித்ததற்கான முதல் சான்றிதழ்களை டென்மார்க், லிதுவேனியா, போலந்து, சவூதி அரேபியா, தாய்லாந்து என்ற ஐந்து நாடுகளுக்குத் தந்தது. இந்தியாவிலும் 2021ல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பைக் கொண்டுவந்துவிட்டது. டென்மார்க் வைத்த அதே 2. எண்ணெய், வனஸ்பதிக்கு மட்டுமல்ல, அவற்றைக் கொண்டு செய்யும் பண்டங்களுக்கும் அது பொருந்தும். இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது என்பதும் உங்களுக்குத் தெரியும். பாக்கெட்டில் வருவதற்கு லேபிள் உண்டு. கண்ணாடி பீரோவிலிருந்து இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தரும் பஃப்ஸுக்கும் கிரீம் பன்னுக்கும் என்ன லேபிள்? தாத்தா டீயில் தொட்டுச் சாப்பிடும் ரஸ்க் எந்தக் கொழுப்பில் செய்தது? டென்மார்க்கில் அதிகாரிகள் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்ததால்தான் அங்கே சட்டம் உயிரோடு இருந்தது. நம் ஊரிலும் மாவட்டம்தோறும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாடிக்கையாகப் போகும் பேக்கரியில், அடுத்த முறை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, “அண்ணே, பஃப்ஸுக்கு என்ன போடுறீங்க, வெண்ணெயா, மார்ஜரினா, வனஸ்பதியா? அந்த டின் லேபிளைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். பல பேக்கரிக்காரர்கள் நல்லவர்கள்; சப்ளையர் தருவதை நம்பி வாங்குகிறவர்கள்; இந்த 2 சதவீத விதி அவர்களில் பலருக்குச் சொல்லப்படாமலே இருக்கலாம். என்ன பதில் கிடைத்தது என்று ஊர் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள், கடையின் பெயர் வேண்டாம். ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்கள், நீங்கள் வாங்கும் நம்மவர் கடைகளில் இறக்குமதி பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளின் லேபிளைப் பார்த்து எழுதலாம். வரும் கடிதங்களைத் தொகுத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்டு, அவர் பதிலோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்